கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்



எங்கள் அலுவலகத்தில் டீ போடும் அக்கா, போன மாதம் ஒரு காலையில் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து, மேல்தட்டில் இருந்த தயிர் டப்பா, பாதி வெட்டிய எலுமிச்சை, யாரோ மறந்துபோன ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்தார். தட்டை வெந்நீர் தொட்டுத் துடைத்தார். ஒரு வெள்ளைத் தாளில், 'இந்தத் தட்டு பாப்பாவுக்கு. யாரும் தொட வேண்டாம்' என்று எழுதி டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். பிரசவ விடுப்பு முடிந்து எங்கள் இளம் தோழி ஒருவர் முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். குழந்தைக்கு நாலரை மாதம். மதியம் அவர் கழிப்பறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லையே என்று அக்கா எட்டிப் பார்த்திருக்கிறார். பீய்ச்சிய பாலை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாளாம். சாயங்காலம் என் அறைக்கு வந்த அக்கா கதவருகிலேயே நின்றார். "அந்தப் பொண்ணு பாலைக் கொட்டுதும்மா. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தட்டு தயாராகிவிட்டது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி ஒரு வாஷ்பேசின் எனக்கும் தெரிந்த இடம்தான்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அப்போது சட்டப்படி மகப்பேறு விடுப்பே 12 வாரம்தான். கால் வீக்கத்தால் பிரசவத்துக்கு முன்பே அதில் பாதி கரைந்துபோனது. மகனுக்கு ஒன்றரை மாதம் ஆகும்போது நான் வேலையில் இருந்தேன். காலை பதினோரு மணி ஆனால் மார்பு கனக்கும், கல் மாதிரி இறுகும். புடவைத் தலைப்பை இழுத்து மூடி, கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கழிப்பறைக்கு நடப்பேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை அழுத்தியபடி, சுவரில் சாய்ந்து நின்று பீய்ச்சுவேன். வெள்ளையாக வழிவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிடுவேன். அதே நேரத்தில் வீட்டில் என் மாமியார் பிள்ளைக்குப் பால் பவுடர் கலக்கிக்கொண்டிருப்பார். மகனுக்கு மூன்றரை மாதம் ஆனபோது எனக்குப் பால் முழுதாக வற்றிவிட்டது. "உனக்கு அவ்வளவுதான் சுரப்பு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்தப் பாலைப் பத்திரப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. தாய்ப்பாலின் பெருமையை இந்த வாரத்தில் எல்லோரும் பேசுவார்கள். நம் வாசகியருக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெருமை தெரிந்தும் பால் வாஷ்பேசினில் போவதற்கான காரணங்களைப் பேசத்தான் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில், எனக்கு ஏன் வற்றியது? சுரப்பு குறைவாக இருந்ததால் அல்ல. குழந்தை குடிக்கக் குடிக்க, அல்லது நாம் எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். மார்பில் பால் தேங்கினால், 'இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது' என்று உடம்பு கணக்குப் போட்டுச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நாளெல்லாம் தேக்கிவைத்து, தாங்க முடியாதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சினேன். உடம்பு அதன் கணக்கைச் சரியாகவே போட்டது. ஆகவே வேலைக்குப் போகும் தாய் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, குழந்தை வழக்கமாகக் குடிக்கும் நேரத்தை ஒட்டிப் பால் எடுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலையில் இரண்டு அல்லது மூன்று தடவை, தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம். வலி குறையும், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும் வாய்ப்பும் குறையும். இரவிலும் விடுமுறை நாட்களிலும் பிள்ளையை நேரடியாக மார்பில் விட்டுக் கொடுத்தால் சுரப்பு நிலைத்து நிற்கும்.

பம்ப் வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நம் கையே போதும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல்புறமும் மற்ற விரல்களைக் கீழ்ப்புறமும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கவோ தோலைத் தேய்க்கவோ வேண்டாம். விரல்களைச் சுற்றிலும் மாற்றி மாற்றி வைத்தால் எல்லாப் பக்கமும் வடியும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பயப்படாதீர்கள். குழந்தையின் படத்தைப் பார்த்தாலோ அதன் சட்டையை முகர்ந்தாலோ பால் பீறிட்டு வருவதைப் பல தாய்மார்கள் சொல்வார்கள். பேருந்தில் யாரோ பெற்ற பிள்ளை அழுததற்கு என் ரவிக்கை நனைந்திருக்கிறது. பிள்ளை நினைவுக்குச் சுரக்கும் ஹார்மோன்தான் பாலை இறக்கிவிடுகிறது. அதே காரணத்தால், பயமும் அவசரமும் பாலை நிறுத்தியும் வைக்கும். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு காலால் அழுத்திக்கொண்டு நிற்பவளுக்கு எப்படிப் பால் இறங்கும்?

எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நாலு மணி, நாலு நாள், ஆறு மாதம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃபிரீசரில் 6 மாதம். நிறை மாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கான கணக்கு இது. குறைமாதக் குழந்தை, உடல்நலமில்லாத குழந்தை என்றால் மருத்துவர் சொல்படிதான் நடக்க வேண்டும். சில கையேடுகளில் அறையில் 6 மணி, 8 மணி நேரம் வரை வைக்கலாம் என்றும் படித்திருப்பீர்கள். 4 மணி நேரக் கணக்கே 25 டிகிரி வரை உள்ள அறைக்குச் சொன்னது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு அது பொருந்தாது. எடுத்தவுடன் குளிரில் வைத்துவிடுவதே நமக்கு நல்லது.

'ஃபிரீசர் 6 மாதம்' என்பது தனிக் கதவுள்ள ஃபிரீசருக்கு. நம் வீடுகள் பலவற்றில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான். கதவைத் திறந்தால் உள்ளே மேலே ஐஸ் பெட்டி இருக்கும். அதில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். எந்த ஃபிரிட்ஜாக இருந்தாலும் பாலைக் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். திறக்கும்போதெல்லாம் அனல் படும் இடம் அது. உள்ளே, பின்புறச் சுவரை ஒட்டி வையுங்கள். மூடி இறுக்கமான டப்பா அவசியம். ஒரு டப்பாவில் ஒருவேளைக்கு வேண்டிய அளவு, 60 முதல் 120 மில்லி வரை போதும். ஃபிரீசரில் வைப்பதானால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், உறையும்போது பால் உப்பும். டப்பாவின் மேல் பிளாஸ்திரி ஒட்டித் தேதியும் நேரமும் எழுதுங்கள். முதலில் எடுத்ததை முதலில் கொடுங்கள். இப்போது பீய்ச்சிய இளஞ்சூட்டுப் பாலைக் குளிர்ந்த பாலோடு சேர்ப்பதானால், அதையும் ஆறவைத்துக் குளிர்வித்த பிறகே சேருங்கள்.

அலுவலகத்திலிருந்து வீடு வரை கொண்டுபோக, ஐஸ் பேக் வைத்த சின்னப் பை போதும். அதில் 24 மணி நேரம் வரை பால் கெடாது. அலுவலகத்தில் ஃபிரிட்ஜே இல்லாதவர்கள் வாயகன்ற ஃபிளாஸ்கில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, நடுவில் பால் டப்பாவை இறக்கி மூடி வைக்கலாம். ஐஸ் கரைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போவதற்கு முன்பே ஃபிரீசர் நிறையப் பால் சேர்க்க வேண்டுமோ என்று மலைக்காதீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக முக்கால் லிட்டர் அளவு போகும். நீங்கள் பயணத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம் வெளியே இருந்தால் 300 மில்லிக்குச் சற்று மேலே தேவைப்படும். முதல் நாளுக்கான பாலையும், அவசரத்துக்கு இன்னும் ஒரு நாள் பாலையும் கையில் வைத்துக்கொண்டால் போதும். அதன் பிறகு நேற்று அலுவலகத்தில் எடுத்த பால் இன்றைக்கு. இன்று எடுப்பது நாளைக்கு. வேலையில் சேர்வதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழகத் தொடங்கிவிடுங்கள். நீங்கள் பீய்ச்சப் பழகுவது போலவே, பிள்ளையும் வேறு கையில் குடிக்கப் பழக வேண்டும்.

அந்த வேறு கையைப் பற்றித்தான் நான் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன். தாய் அலுவலகத்தில் பீய்ச்சுவது பாதி வேலை. அது பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேருவது, வீட்டில் இருக்கும் பாட்டியின் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் அம்மாக்களே, மாமியார்களே, ஆயாக்களே, உங்களிடம் சில வார்த்தைகள்.

பாலென்றால் காய்ச்ச வேண்டும் என்பது நம் கை அறிந்த பழக்கம். பொங்கி வரும்வரை அடுப்பருகே நின்றே வளர்ந்தவர்கள் நாம். தாய்ப்பாலுக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். காய்ச்சினால் பிள்ளையை நோயிலிருந்து காக்கும் சத்துகள் அதில் அழிந்துபோகும். மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. ஓரிடம் கொதித்து ஓரிடம் குளிர்ந்து, பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதற்குள் பால் டப்பாவைச் சற்று நேரம் நிற்க வையுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஃபிரீசரில் உறைந்த பாலை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் இளகியிருக்கும். முழுதாக இளகிய பிறகு ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது.

டப்பாவில் பால் இரண்டாகப் பிரிந்து, மேலே ஏடு மாதிரியும் கீழே நீல நிறத் தண்ணீர் மாதிரியும் நிற்கும். 'திரிந்துவிட்டது' என்று கொட்டிவிடாதீர்கள். கொழுப்பு மேலே மிதக்கிறது, அவ்வளவுதான். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். 'இவ்வளவு தண்ணியா இருக்கே, இதில் என்ன சத்து இருக்கும்' என்று தயவுசெய்து அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். சில பேருடைய பால் குளிரில் இருந்த பிறகு சோப்பு வாடை அடிக்கும். பாலிலேயே உள்ள ஒரு நொதி கொழுப்பைக் கரைப்பதால் வரும் வாடை அது. பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. புளிப்பு நாற்றம் வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

பாட்டில் வேண்டாம். நம்மிடம் சங்கு இருக்கிறது. பரம்பரையாக நம் பிள்ளைகள் மருந்தும் பாலும் குடித்த அந்தச் சங்கையோ சின்னக் கிண்ணத்தையோ வெந்நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்து, பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரத்தில் சாய்த்துக் கொடுங்கள். ரப்பர் காம்பில் பழகிய சில பிள்ளைகள் சாயங்காலம் அம்மாவின் மார்பைப் பிடிக்க மறுத்துவிடும். சங்கில் குடிக்கும் பிள்ளைக்கு அந்தத் தகராறு இல்லை. பிள்ளை வாய் வைத்துக் குடித்து மிச்சம் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆனால் கொட்டத்தான் வேண்டும். மனசு கேட்காதுதான். அதனால் முதலிலேயே கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள், வேண்டுமென்றால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

'நேற்றுப் பீய்ச்சிய பழைய பாலைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுப்பதா' என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கிவிட்டார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இப்போது அப்படி ஒன்று உண்டு. முன்பின் அறியாத தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை அங்கே பரிசோதித்து, 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். கையளவே இருக்கும் குறைமாதப் பிள்ளைகள் அந்தப் பாலைக் குடித்துத் தேறுகின்றன. யாரோ ஒருத்தியின் பால், முறையாக வைத்திருந்தால், உயிருக்குப் போராடும் பிள்ளைக்கே ஆகாரமாகிறது. பெற்றவளின் பால் தன் பிள்ளைக்கு ஆகாதா?

இனி அலுவலகங்களுக்கு. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகப் பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள விதி. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு விடுப்பை 2021-ல் 12 மாதமாக்கியது. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015-லேயே திறந்தது. இவை பெரிய காரியங்கள், நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 26 வாரத்தில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டால், வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நாலு மாதம்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தைத்தான் அந்தச் சின்ன டப்பாக்கள் தாங்குகின்றன. காப்பகம் இல்லாத இடத்தில், பிள்ளை பத்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கும்போது, பாலூட்டும் இடைவேளையை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்வாள்? பால் எடுக்க அந்த நேரத்தையும் அதற்கோர் இடத்தையும் நிர்வாகம் மனமுவந்து தர வேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்க்கட்டுகளை அடுக்கிவைக்கும் அறை ஒன்று இருந்தது. பாதிக் கட்டுகளை மாடிக்கு ஏற்றினோம். கைவைத்த நாற்காலி ஒன்று, சின்ன மேசை, பம்ப் செருக ஒரு பிளக், சன்னலுக்குத் திரை. கை கழுவக் குழாய் எதிரிலேயே இருக்கிறது. கடைசியாக ஆசாரியை வரவழைத்துக் கதவுக்கு உட்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னேன். அவர் அடித்து முடித்ததும் நானே உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். 'டக்' என்று விழுந்தது. இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கேட்ட அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அறையும் ஃபிரிட்ஜும் விடுப்புமில்லாத தாய்மார்கள் நம் நாட்டில் மிக அதிகம். உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண் பச்சை உடம்புக்காரியாக இருக்கலாம். பூக்காரம்மாவின் மருமகளாக, துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்ணாக இருக்கலாம். அவளிடம், "உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கம்மா, பாலை எடுத்து என் ஃபிரிட்ஜில் வச்சுக்க" என்று சொல்ல நம்மால் முடியும். அதற்குச் சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை.

எவ்வளவு முயன்றும் பால் போதாதவர்கள், நோயாலோ மருந்தாலோ கொடுக்க முடியாதவர்கள், என்னைப் போலத் தெரியாமல் வற்றவிட்டவர்கள், இதைப் படித்து மனம் நோக வேண்டாம். பவுடர் பால் குடித்த என் மகன் நன்றாகத்தான் வளர்ந்தான். உங்கள் மடியில் குறை எதுவும் இல்லை. எனக்குக் கிடைக்காத ஒன்று அடுத்தவளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

இப்போது மணி ஐந்தே முக்கால். எங்கள் இளம் தோழி கிளம்பிக்கொண்டிருக்கிறார். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து மூன்று டப்பாக்களை எடுத்து, தேதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பையில் அடுக்குகிறார். மேலே ஐஸ் பேக் வைத்து ஜிப்பை இழுத்து மூடுகிறார். "மெதுவா போ கண்ணு, ரயில்ல கூட்டமா இருக்கும்" என்கிறார். நாளைக்குப் பகலெல்லாம் பிள்ளை குடிக்கப்போகும் பால் படியிறங்கிப் போகிறது.

உங்கள் அலுவலகத்தில், பள்ளியில், தொழிற்கூடத்தில் இப்படி ஒரு தட்டும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா? இருந்தால் எப்படி வந்தன என்று எழுதுங்கள். இல்லையென்றால், யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்